ஆறாம் மேஜையின் சிவப்பு எழுத்து

என் மகள் நிவேதாவுக்கு,

நீ ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குக் கிளம்புகிறாய் என்பது உன் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு என்னிடம் மட்டும் நீ பேசுவதில்லை. "சித்தப்பாவுக்கு ரசம் வேணுமான்னு கேளு சித்தி" என்று என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு கேட்கிறாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. நேரில் சொல்லிவிடலாம் என்று நானும் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து பார்த்தேன். ஆனால் என் வாயைத் திறந்தால் அது சும்மா இருக்காது, போகிற போக்கில் நாலு பூவைச் சேர்த்துக் கட்டிவிடும். எழுதினால் கை வலிக்கிறது, அதனால் பொய் குறைகிறது. எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். வெள்ளிக்கிழமை உன் கம்பெனிக்காரர்களும் எங்கள் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து உட்காரப் போகிறார்களே, அங்கே நீ என்ன சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. எங்கள் லைனில் வேலை செய்பவர்கள், கம்பெனி பஸ்ஸில் கூட வருபவர்கள், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்காக நம் கதை இரண்டு வார்த்தை. நீ என் அண்ணன் மகள். அண்ணனும் அண்ணியும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு பென்னலூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாய். வளர்த்தது உன் சித்தி. வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொன்னது நான். நீ பிளஸ் டூவில் வாங்கிய மார்க்கை பஸ்ஸில் சொல்லும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கூட்டினேன். கம்பெனி இருக்கும் ஒரகடத்தில் போய் இறங்குவதற்குள் நீ மாவட்டத்திலேயே முதலிடம். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அங்கே ஆறுவழிச் சாலையே போட்டார்கள் என்றும், ஜப்பான்காரர் ஒருவர் என் லைனைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார் என்றும் உனக்குச் சொல்லிச் சோறு ஊட்டியிருக்கிறேன். அவர் கண்கலங்கவில்லை. கையையும் பிடிக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்து போகும்போது தலையசைத்தார். அது எனக்கா, பக்கத்து லைனுக்கா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் கம்பெனியில் காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகப் பின்னி அனுப்புகிறோம். அதில் ஒரு லைனுக்கு, அதாவது ஒரு மேஜை வரிசைக்கு, நான் சூப்பர்வைசர். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு பெண் நிற்பாள். ஒயர்க் கட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஸ்கேனரில் காட்டி, தன் பங்கு வேலையை முடித்து, அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். எந்தக் கட்டு எந்த மேஜையில் நின்றது, ஏன் நின்றது என்று திரையில் காட்டுகிற புரோகிராம் எழுதும் வேலை உன் கம்பெனிக்கு வந்தது, அங்கிருந்து உன் கைக்கு வந்தது. நான்தான் மேனேஜரிடம் பேசி வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்லித் திரிந்தேன். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நீ எங்கள் கேட்டில் வந்து நின்றபோதுதான் எனக்கே விஷயம் தெரியும்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கிறது, நீ லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாய். "யாரு அவன், என் பொண்ண டென்ஷன் பண்றவன்?" என்று கேட்டேன்.

"கூட வேலை செய்றவன் சித்தப்பா. எர்ரரைக் கேட்ச் பண்ணிட்டு ஒண்ணுமே செய்யாம வுட்டிருக்கான்."

"கேட்ச் புடிச்சா நல்லதுதானே? அவுட்டு!"

நீ சிரித்துவிட்டாய். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி என் லைனை வைத்தே சொன்னாய். "ஒரு பொண்ணுக்கு ஒயர் சிக்கிக்கிச்சுன்னு வெச்சுக்கோங்க. அவளால முடியல. இன்னா பண்ணுவா?"

"லைன் லீடரைக் கூப்புடுவா."

"அவராலயும் முடியலன்னா?"

"என்னைக் கூப்புடுவாங்க."

"உங்களாலயும் முடியலன்னா?"

"அப்படி ஒண்ணு இதுவரைக்கும் நடந்ததே இல்ல."

உள்ளேயிருந்து உன் சித்தி குரல் கொடுத்தாள்: "மிக்ஸி மூடியத் தொறக்கத் தெரியாம காலைல பக்கத்து வூட்டுக்குத் தூக்கினு போனாரே, அது இன்னா கணக்கு?"

நீ சொன்னது எல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் மறுநாளே பஸ்ஸில் நான் கண்டுபிடித்ததுபோல எல்லோருக்கும் சொன்னேன். புரோகிராம் என்றால் ஒரு வேலைக்குள் இன்னொரு வேலை, அதற்குள் இன்னொன்று. உள்ளே இருப்பது உடைந்தால் அது கத்தும். அந்தக் கத்தலுக்கு எக்ஸப்ஷன் என்று பெயர். வெளியே இருப்பது அதைப் பிடிக்கலாம். பிடித்தால் சரி செய்ய வேண்டும். சரி செய்ய முடியாதென்றால் பிடித்ததை மறுபடி மேலே எறிய வேண்டும். எறியும்போது "இது ஆறாம் மேஜையில் நடந்தது" என்று தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்க்கலாம், தப்பில்லை. ஆனால் உள்ளேயிருந்து வந்த கத்தலையும் கூடவே கட்டி அனுப்ப வேண்டும். பிழைகளுக்கும் குடும்பம் உண்டாம். ஸ்கேனர் பிழை, நெட்வொர்க் பிழை, ஆள் செய்த பிழை என்று ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை. எல்லாவற்றுக்கும் மேலே வெறும் 'பிழை' என்று ஒரு தாய். தாய்க்கு வலை போட்டால் எல்லாப் பிள்ளையும் வந்து விழும், எது எது என்று பார்க்காமல் ஒரே மூட்டையாகக் கட்டிவிடலாம், சோம்பேறிகள் அப்படித்தான் செய்வார்கள் என்றாய். "உள்ள நடந்ததத் தூக்கிப் போட்டுட்டு நம்ம சொந்த வார்த்தைய மட்டும் மேல அனுப்பினா, மேல இருக்கிறவன் தப்பான எடத்துல போய் ரிப்பேர் பண்ணுவான் சித்தப்பா" என்றாய். நான் தலையாட்டினேன். நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

நீ எழுதியபடி ஆறாம் மேஜை நின்றால் திரையில் இப்படி வரும். முதலில் 'ஆறாம் மேஜை நின்றது'. அதன் கீழே 'காரணம்: ஸ்டிக்கர் படிக்கப்படவில்லை'. அதற்கும் கீழே 'காரணம்: ஸ்கேனர் இணைப்பு அறுந்தது'. அப்புறம் எறும்பு ஊர்வதுபோல ஆங்கிலம். எல்லாம் சிவப்பில். மேனேஜர் போகும்போதும் வரும்போதும், "இன்னாய்யா, உன் லைன் மட்டும் எப்பப் பாத்தாலும் கோயில் திருவிழா மாதிரி செவப்பா கீது?" என்பார். பக்கத்து லைன்காரன் சிரிப்பான். போதாக்குறைக்குக் கார் கம்பெனிக்காரர்களும் லைனைப் பார்வையிட வருகிறார்கள். எனக்கு மானம் போனது. நான் வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன்: "ஒரே வரி போதும்மா. 'ஆபரேட்டர் ஸ்கேன் செய்யவில்லை'. முடிஞ்சுது."

"ஆபரேட்டர் செஞ்சிருந்தா?"

"செஞ்சிருந்தா ஏன் நிக்குது?"

"சரி, திரையில ஒரு வரி வெக்கிறேன். காரணத்த உள்ள பதிவுல வெச்சிக்கிறேன்."

"பதிவு சாயங்காலம் மேனேஜருக்குத்தானே போவுது? அதுவும் வேணாம்."

நீ லேப்டாப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தாய். "அது தப்பு சித்தப்பா. மெஷின் பண்ற தப்ப மனுஷி பண்ற தப்பா மாத்தச் சொல்றீங்க. அப்படியே வேணும்னா சூப்பர்வைசர் கேக்குறாருன்னு ஒரு மெயிலாவது போடுங்க."

"மெயிலு கியிலெல்லாம் எதுக்கு? உன்னைத் தூக்கி வளத்தவன் கேக்குறேன். இத்தினியூண்டு செய்ய மாட்டியா?"

அதற்கப்புறம் நீ மறுபடி லேப்டாப்பைத் திறந்து காரண வரிகளை எடுத்துவிட்டாய். மகளே, நான் சொன்ன கதைகள் ஆயிரம் இருக்கும், அதில் எதற்கும் நான் வெட்கப்பட்டதில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்கு வெட்கப்படுகிறேன். உன் அப்பன் அம்மா இல்லாததை எடுத்து உன்மேலேயே வீசினேன். வளர்த்தவள் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் இதுவரை அந்த வார்த்தையைச் சொல்லி உன்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை.

ஆறாம் மேஜையில் அப்போது நின்றவள் செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கி, காண்ட்ராக்டர் மூலமாக எங்களிடம் வந்தவள். எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரும் வட்டமாக நிற்போம். முந்தின நாள் யார் பெயரில் தவறு வந்ததோ அவர் நடுவில் வந்து, "என் தவறுதான், இனிமேல் கவனமாக இருப்பேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். உடனே எல்லோரும் கைதட்டுவோம். உன் புதிய ஒற்றை வரி வந்ததிலிருந்து தினமும் செல்வியின் பெயர்தான். நான் கூப்பிட்டேன். அவள் நடுவில் வந்து நின்றாள், ஆனால் சொல்லவில்லை.

"நான் ஸ்கேன் பண்ணேன் அண்ணாச்சி. பண்ணதப் பண்ணலன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"திரையில வருதேம்மா."

"திரை வந்து என் கையப் பாத்துச்சாக்கும்? சமயத்துல ஸ்கேனரு சத்தமே குடுக்க மாட்டேங்கு. ஒயரப் பாருங்க, ஒயரப் பாருங்கன்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். நீங்க காதுல வாங்க மாட்டேங்கிய."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்று மேனேஜர், "யாருய்யா அந்த ஆறாம் மேஜை?" என்று கேட்டபோது, 'அந்தப் பெண் ஸ்கேன் செய்ததாகச் சொல்கிறாள், ஒயரைப் பார்க்கச் சொல்கிறாள்' என்று கேட்டதைக் கேட்டபடி சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "கவனமே இல்ல சார். ராவெல்லாம் ஹாஸ்டல்ல போன் பேசிக்கினு, இங்க வந்து நின்னுக்கினே தூங்குது." அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. போன் பேசியும் பார்த்ததில்லை. வாய்க்கு வந்தது, கேட்க நன்றாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். புரோகிராமில் உன்னைச் செய்ய வைத்ததை நான் என் வாயாலும் செய்தேன்.

செல்வியின் இடத்துக்கு வேறு பெண் வந்தாள். அவள் பெயரிலும் அதே சிவப்பு. அப்போதே எனக்குள் ஏதோ கத்தியது. நான் அதையும் பிடித்து வாயைப் பொத்தினேன். பிறகு நீ சோதனைக்கு வந்தாய். எடுத்த வரிகளைத் தற்காலிகமாகத் திரும்பப் போட்டு ஓட்டிப் பார்த்தாய். 'ஸ்கேனர் இணைப்பு அறுந்தது' என்று வந்தது. நீ தரையில் மண்டியிட்டு மேஜைக்கு அடியில் பார்த்தாய். பக்கத்து டிராலியைத் தள்ளும்போதெல்லாம் அதன் சக்கரம் ஸ்கேனர் ஒயரின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நீ எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாய்: "இதுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்க சித்தப்பா?"

"ஒரு பொண்ணு. கல்யாணம் ஆயி ஊருக்குப் போயிடுச்சு. பத்திரிகைகூட வெச்சுது, என்னாலதான் போக முடியல."

பத்திரிகை! அதை யார் கேட்டார்கள்? ஒரு பிழையைக் கையாளும்போதே இன்னொரு பிழை கிளம்பினால், பின்னால் வந்தது முன்னால் வந்ததை விழுங்கிவிடும், அப்புறம் முதலில் நடந்ததைத் தேடுவது ரொம்பக் கஷ்டம் என்று நீ ஒருதரம் சொல்லியிருக்கிறாய். ஆனால் நீ தேடினாய். கேன்டீனில் பெண்களோடு சாப்பிட உட்கார்ந்தாய், அவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. நேராக உன் கம்பெனிக்குப் போய், "காரணத்தைப் பதிவிலிருந்து எடுத்தது நான்தான்" என்றாய். யார் எடுக்கச் சொன்னது என்று அவர்கள் கேட்டதற்கு, "யாரும் சொல்லல" என்றாய். அவர்கள் உன்னை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பெங்களூர். இதையெல்லாம் உன் சித்தி எனக்குச் சொல்லும்போது நான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஷூவுக்கு வெகுநேரம் போட்டேன்.

நான் மேனேஜரிடம் போனேன். நம்பு, போனேன். நடந்ததை நடந்தபடி, முதல்முறையாக ஒரு சொல்கூடக் கூட்டாமல் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "இன்னாய்யா, பொண்ணக் காப்பாத்தக் கத கட்டுறியா?"

"இல்ல சார், சத்தியமா."

"ஃபோர்க்லிஃப்ட்ல பாம்பு பூந்துடுச்சு, அதான் லேட்டுன்னு சொன்னவன்தானே நீ? அப்பவும் சத்தியம்தான் பண்ணே. போய் வேலையப் பாருய்யா. வளத்த பாசம், எனக்குப் புரியுது."

கதவுக்கு வெளியே வந்து நின்றேன். என்னிடமிருந்து எது வந்தாலும் ஒரே வகைதான், கதை என்கிற வகை. மேலே இருக்கிறவர் அதைப் பிரித்துப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். பாம்பும் உண்மையும் ஒரே மூட்டையில் போய்விட்டன. அதைக் கட்டியவன் நான்.

பிறகு செல்வியைப் பார்க்கப் போனேன். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில், டீக்கடைக்குப் பக்கத்தில் கிடைத்தாள். ஒரு கிடங்கில் தினக்கூலிக்கு அட்டைப்பெட்டி ஒட்டிவிட்டு வந்துகொண்டிருந்தாள், கையெல்லாம் பசை. திரும்ப வேலைக்குச் சேர்த்துவிடுகிறேன் என்று பெரிய மனுஷன்போல ஆரம்பித்தேன்.

"வேல கெடக்கட்டும் அண்ணாச்சி. எங்க போனாலும் அந்தக் காண்ட்ராக்டர் முந்திக்கிட்டு, 'அது தூங்குத புள்ள'ன்னு சொல்லி வைக்காரு. வாசலோட திருப்பி அனுப்புதாவ. அந்தச் சொல்ல மட்டும் எடுக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னதுதான அது?"

"ஆமா."

அதற்கு மேல் அவள் எதையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. ஹாஸ்டல் பக்கம் நடந்துவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை நீ போய், "என் தவறுதான்" என்று சொல்லப் போகிறாய். அவர்களுக்கு அது ரொம்ப வசதி. புதிதாக வந்த பெண் புரோகிராமில் தப்பு செய்தாள், அவளும் போய்விட்டாள் என்று கதையை முடித்துவிடுவார்கள். செல்வி தூங்கினாள் என்பது அப்படியே நிற்கும், ஏனென்றால் அந்தச் சொல் உன் புரோகிராமிலிருந்து வரவில்லை, என் வாயிலிருந்து வந்தது. என்னைச் சொல்லாமல் அதை எடுக்கவே முடியாது. நீ என்னைப் பிடித்து உள்ளே மறைத்து வைத்துக்கொண்டிருக்கிறாய். சரி செய்ய முடிவதை மட்டும்தான் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவளே நீதான். என்னைச் சரி செய்ய உன் சித்தியாலேயே முடியவில்லை, உன்னால் ஆகுமா? ஆகவே மேலே எறி. வரிசை மாறாமல் சொல். ஒயர் சக்கரத்தில் சிக்கியது. ஸ்கேனர் அறுந்தது. அந்தக் காரணத்தை எடுக்கச் சொன்னது லைன் சூப்பர்வைசர். எழுத்தில் தரமாட்டேன் என்றதும் அவர்தான். அந்தப் பெண் தூங்கினாள் என்று பார்க்காததைச் சொன்னதும் அவர்தான். அவர் என் சித்தப்பா. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதே. நீ ஏன் ஒத்துக்கொண்டாய் என்பதற்கு அதுதான் காரணம். நான் சொன்னால் கதை. நீ சொன்னால், அந்தச் சோதனையில் வந்த வரிகளைத் திரையில் போட்டுக் காட்டினால், மேனேஜரால் சிரிக்க முடியாது.

என் வேலை போனால் போகட்டும் என்று வீரமாக எழுத ஆசையாக இருக்கிறது. போகக் கூடாது என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. பயமாகவும் இருக்கிறது. அதற்காக நீ ஒரு சொல்லையும் குறைக்காதே. போகிற இடத்திலும் யாராவது ஒருவர் அன்பைக் காட்டி, உறவைக் காட்டி, ஒரு சின்ன வரியை எடுத்துவிடச் சொல்வார். அவர் முகம் வாடினால் வாடட்டும், நீ எடுக்காதே. என்னிடம் நீ பட்டதிலிருந்து இதை மட்டும் எடுத்துக்கொண்டு போ. மற்றதையெல்லாம் இங்கேயே விட்டுவிடு.

என்னையும் வெள்ளிக்கிழமை உள்ளே கூப்பிடச் சொல். என்னைக் கேட்டால், "ஆமாம் சார், இவள் சொல்வது உண்மை" என்று மட்டும் சொல்வேன். ஆனால் என் வாயை நான் நம்பவில்லை. அதனால் நீ எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை ஆரம்பித்தால், மேஜைக்கு அடியில் என் காலை ஓங்கி மிதி.

உன் சித்தப்பா